இலை பிளக்கும்போது ரைட் லாக்: ஆலோசனை தேவை

காரைக்குடி லினக்ஸ் நண்பர்களுக்கு வணக்கம். பேரேட்டு ஸ்கேன்களுக்காக எழுதும் ஃபியூஸ் (கர்னலுக்கு வெளியே இயங்கும்) ஃபைல்சிஸ்டத்தில் பி-ட்ரீ (பதிவுகளை வரிசையாக வைக்கும் மர அமைப்பு; அடிமட்ட நோடுகளே இலைகள், நிரம்பினால் இரண்டாகப் பிளக்க வேண்டும்). நோடு 16 கேபி, நோடுக்கு ஒரு பி-த்ரெட் ரீட்-ரைட் லாக்: ரீட்டைப் பல த்ரெட்கள் ஒன்றாகப் பிடிக்கலாம், ரைட்டை ஒன்று மட்டுமே. வளவில் கால் வைத்தபின் முகப்புக் கதவை விடுவதுபோல, கீழ் நோடின் லாக் கிடைத்த பிறகே மேலதை விடுகிறோம்.

செருகும்போது மேலே ரீட், இலைக்கு மட்டும் ரைட். இலை நிரம்பியிருந்தால் பெற்றோர் நோடையும் மாற்ற வேண்டும். கையிலுள்ள ரீட் லாக்கை ரைட்டாக உயர்த்த முடியாது: இரு த்ரெட்கள் முயன்றால், மற்றது விடட்டும் என்று இரண்டும் நின்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு நிலை மேலிருந்து ரைட் கேட்டு, வேரிலிருந்து மறுபடி தேடுகிறோம். இடையில் வேறொருவர் பிளந்திருக்கலாம், ஆகவே பழைய பாதையை நம்பக்கூடாது.

சிக்கல்: பட எண்கள் ஏறுவரிசையில் வருவதால் வலக்கோடி இலையே திரும்பத் திரும்ப நிரம்புகிறது, மறுதேடலும் கூடுகிறது. இறங்கும்போதே நிரம்பிய நோடைப் பிளந்தால் மறுதேடல் போகும், ஆனால் வேரிலிருந்தே ரைட் வேண்டும். வலக்கோடிக்கு மட்டும் அப்படிச் செய்தவர் உண்டா?

இன்னொன்று. ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) இயல்பாக ரீடர்களுக்கே முன்னுரிமை தருவதால் ரைட்டர் பட்டினி, அதாவது முறை வராமல் காத்துக் கிடக்கிறது. ரைட்டர் முன்னுரிமைக்கு மாற்றினால், ஒரே த்ரெட் ஒரே நோடை இருமுறை ரீட் லாக் செய்யும் இடத்தில், நடுவே ஒரு ரைட்டர் காத்திருந்தால், டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து யாரும் நகராத நிலை). அந்த இடங்களைக் கண்டுபிடிக்க நல்ல கருவி எது?

பக்கத்து நோடுகளை லாக் செய்வது எப்போதும் இடமிருந்து வலம்தான். அதில் தகராறு இல்லை. ஜிடிபி பேக்ட்ரேஸ் (டிபக்கர் காட்டும் ஃபங்ஷன் அழைப்பு வரிசை) கேட்பவர்களுக்கு அனுப்புகிறோம்.