அனிமேஷன் ஆஃப் பண்ணா விண்டோஸ் 11 நிஜமாவே வேகமாகுமா, இல்ல சும்மா ஃபீலிங்கா?

கேள்வி: பழைய லேப்டாப், 8 ஜிபி ரேம். விண்டோவை மினிமைஸ் பண்ணாலும் ஸ்டார்ட் அழுத்தினாலும் வழுக்கிக்கிட்டு வர்றது கடுப்பா இருக்கு. அதை நிறுத்தினா எக்ஸெல் சீக்கிரம் ஓப்பன் ஆகுமா?

பதில் 1: எக்ஸெல் அதே நேரம்தான் எடுக்கும் ப்ரோ, அனிமேஷனை வரையறது கிராஃபிக்ஸ் சிப், அதுக்கும் ஃபைல் லோட் ஆகறதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. ஆனா கை வேகத்துக்கு ஸ்கிரீன் ஈடு குடுக்கும். செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி, அதுல விஷுவல் எஃபெக்ட்ஸ், அங்க அனிமேஷன் எஃபெக்ட்ஸை மட்டும் ஆஃப் பண்ணுங்க. நிறைய வீடியோல சொல்ற மாதிரி, எல்லா எஃபெக்ட்டையும் ஒரேயடியா நிறுத்தற "பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்" போட்றாதீங்க, எழுத்தோட ஓரமெல்லாம் பல்லு பல்லா ஆயிடும், அப்புறம் "ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்" எங்கன்னு தேடிப் போய் டிக் பண்ணணும்.

பதில் 2: மெனு லேட்டா வர்றது அனிமேஷனே இல்ல, வேணும்னே வச்ச தாமதம். ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் உள் செட்டிங்ஸை சேமிச்சு வைக்கற இடம்) கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் கீழ "மெனுஷோடிலே"ன்னு ஒண்ணு, டீஃபால்ட் 400 மில்லிசெகண்ட். மவுஸ் குறுக்கால சப்மெனுவுக்குப் போறப்போ நடுவுல இருக்கற ஐட்டமெல்லாம் படக்குன்னு திறந்துடக் கூடாதுன்னுதான் அது. அதனால 0 வேணாம், 100 வைங்க, லாக் ஆஃப் பண்ணி வாங்க. பழைய ஸ்டைல் மெனுல நல்லாவே தெரியும்.

பதில் 3: எல்லாத்தையும் நிறுத்தறதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. எங்கம்மா கம்ப்யூட்டர்ல நிறுத்திட்டேன், விண்டோ திடீர்னு மறைஞ்சதும் "அழிஞ்சு போச்சா?"ன்னு கூப்பிட்டாங்க. டாஸ்க்பாருக்கு இறங்கறது கண்ணுல பட்டாதான் எங்க போச்சுன்னு தெரியுது. அப்புறம், 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது ஸ்கிரீன் செகண்டுக்கு 60 தடவை படம் மாத்தறப்போ, ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 200 மில்லிசெகண்ட் அனிமேஷன்னா வெறும் 12 ஃப்ரேம், அதுல மூணு நாலு விட்டுப்போனாலே திக்கும். பழைய சிப்ல 4கே மானிட்டர் மாட்டியிருந்தா கேக்கவே வேணாம். லினக்ஸ்ல வர்ற கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப்ல அனிமேஷன் வேகத்துக்கே ஒரு ஸ்லைடர் இருக்கு, அந்த மாதிரி இங்க ஒண்ணு குடுத்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கேள்வி கேட்டவர்: 4கே மானிட்டர்தான் மாட்டியிருக்கேன் 😅 அனிமேஷன் ஆஃப் பண்ணிட்டேன், டக்குனு இருக்கு. ரிமோட் டெஸ்க்டாப்ல வேற கம்ப்யூட்டருக்குள்ள போனா மறுபடி வழுக்குதே?

பதில் 1: கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி "ஷோ ஆப்ஷன்ஸ்", எக்ஸ்பீரியன்ஸ் டேப், அங்க மெனு அண்ட் விண்டோ அனிமேஷன் டிக்கை எடுத்துடுங்க.