பழைய லெக்சஸா, புதிய பிளக்-இன் ஹைப்ரிடா? ஆலோசனை வேண்டும்

நண்பர்களே, வணக்கம். 2017ஆம் ஆண்டு லெக்சஸ் எல்எஸ் 460, 2023ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் பிளக்-இன் ஹைப்ரிட் (சார்ஜ் செய்த மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடுவது), இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். முடிவெடுக்க முடியவில்லை.

லெக்சஸில் 4.6 லிட்டர் வி8 எஞ்சின். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு முதுகுவலி, அந்தப் பின்னிருக்கையை விட்டு இறங்கவே அவருக்கு மனமில்லை. பிரியஸில் கூரை தாழ்வு, குனிந்துதான் ஏறினார். ஆனால் அதன் 13.6 கிலோவாட் மணி பேட்டரியை வீட்டிலேயே சார்ஜ் செய்யலாம்; என் அன்றாட ஓட்டத்துக்குப் பெட்ரோலே தேவைப்படாது.

தயக்கம் பராமரிப்பில்தான். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள்) உள்ள கார்களில் வயது ஏற ஏற அந்தப் பைகளில் விரிசல் விழுந்து காற்று கசியும். மாற்றும் செலவு கையைக் கடிக்கும். எல்எஸ் வைத்திருப்பவர்களே, சாதாரண ஸ்பிரிங் உள்ள வண்டியாகத் தேடுவது நல்லதா? பிளக்-இன் ஓட்டுபவர்களே, சில ஆண்டுகளில் மின்சாரத்தில் ஓடும் தூரம் எவ்வளவு குறைந்தது? சார்ஜ் தீர்ந்தபின் நெடுஞ்சாலையில் எஞ்சின் இரைச்சல் தொந்தரவாக இருக்கிறதா?

அம்மாவை நினைத்தால் மனம் லெக்சஸ் பக்கமே சாய்கிறது. வாங்கும் முன் மெக்கானிக்கிடம் எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.