வெள்ளம் வடிந்தும் சுவரில் பூசணம், என்ன செய்யலாமுங்க?

எங்கள் வீடு பவானியில் ஆற்றோரம். மேட்டூரில் உபரி நீர் திறந்துவிட்டதும் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது, வடிந்து பத்து நாளாகிறது. இப்போது பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் பூசணம், இலவம்பஞ்சு மெத்தையை நாற்றம் தாங்காமல் தூக்கிப் போட்டாச்சு (அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை). மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன், நாலே நாளில் திரும்ப வந்துவிட்டது, சுவருக்குள் ஈரம் காயவில்லை போல. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்க்கலாமா? அதோடு வினிகர் சேர்ந்தால் விஷவாயு வரும் என்பது தெரியும், அதைச் செய்ய மாட்டேன். பெயிண்டர் உடனே அடித்துவிடலாம் என்கிறார், ஈரத்தின் மேல் அடித்தால் உரிந்துதானே வரும்? காரையைக் கொத்திப் பூச வேண்டுமா, ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டுக் காயவிட்டாலே போதுமா? அப்பாவுக்கு வீசிங் வேறு. குமாரபாளையம், கருங்கல்பாளையம் பக்கம் அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கண்ணா.