பொருள்: வெண்டலை, உதிர்கொம்பு – மான்தலை தயாரிப்புக்கான சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மான்தலை தயாரிப்புக் கையேட்டுக்காக 'யூரோப்பியன் மவுண்ட்' (தோலும் சதையும் நீக்கிய மண்டையோட்டைக் கொம்போடு பலகையில் பொருத்துவது) என்பதற்குத் தமிழ் கேட்டு வந்த மடலுக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன்: 'ஐரோப்பிய ஏற்றம்', 'ஐரோப்பியப் பொருத்துகை', 'கபால நிறுவல்'. மூன்றுமே ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்தவை. வேலையைப் பார்த்துச் செய்தவை அல்ல. ஏற்றம் என்றால் எங்கள் ஊரில் கிணற்றில் நீர் இறைப்பது. இந்த வேலைக்கு 'யூரோப்பியன்' என்ற அடைமொழிகூட அமெரிக்கர்கள் வைத்ததுதான். தோலும் கண்ணாடிக் கண்ணுமாக முழுத்தலையை மாட்டுவது அவர்கள் வழக்கம். ஜெர்மனி பக்கம் வெறும் மண்டையோட்டைக் கொம்போடு மரப்பலகையில் பொருத்துவார்கள். தோலோடு மாட்டும் தங்கள் வழக்கத்திலிருந்து இதை வேறுபடுத்தத்தான் அந்தப் பெயர். தமிழில் அது எதையும் விளக்காது.

நான் இருப்பது மிச்சிகனில். இங்கே துப்பாக்கி மான்வேட்டை ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 30 வரை. அடுத்த வீட்டுப் பெரியவர் வால்வெள்ளை மான் வேட்டைக்குப் போகிறவர். நான் வேட்டையாடுவதில்லை. ஆனால் இந்த மடல் உரையாடல் தொடங்கியதும் அவருடைய கார் கொட்டகையில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து முழு வேலையையும் பார்த்தேன். பார்த்த பிறகு சொற்கள் தாமாகவே வந்தன.

முதலில் கொம்பு. தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. 'ஆன்ட்லர்', 'ஹார்ன்' என்ற பிரிவு நமக்கு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேலை செய்கிறவருக்கு அது அவசியம். புள்ளிமான், மிளா, வால்வெள்ளை மான் இவற்றின் கொம்பு முழுக்க எலும்பு, இதுதான் 'ஆன்ட்லர்'. ஆண்டுக்கு ஒருமுறை விழுந்து மறுபடி முளைக்கும். ஆடு, மாடு, வெளிமான் இவற்றுக்கு உள்ளே எலும்புக் குருத்து, மேலே நகம் போன்ற பொருளால் ஆன உறை, இது 'ஹார்ன்'. தண்ணீரில் ஊறினால் அந்த உறை கழன்று கையோடு வந்துவிடும். ஆகவே இரண்டையும் தயாரிக்கும் முறையே வேறு. முதல் வகைக்கு இன்னொரு நண்பரின் பரிந்துரை இது:

> கவைக்கொம்பு என்று வைக்கலாமே, கிளை பிரிவதால்.

அழகான சொல்தான். ஆனால் ஒன்றரை வயது ஆண்மானுக்குப் பல நேரம் கிளையே இல்லாத ஒற்றைக் குச்சிதான் இருக்கும். அதைக் கவை என்று எப்படிச் சொல்வது? கிளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வகைக் கொம்புக்குப் பொதுவானது உதிர்வது. அதனால் 'உதிர்கொம்பு', அதற்கு எதிரிணையாக 'உறைக்கொம்பு'. அமெரிக்கப் புல்வெளியில் ப்ராங்ஹார்ன் என்ற விலங்கு இருக்கிறதே, அதுவும் ஆண்டுதோறும் உதிர்க்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். அது உறையை மட்டும்தான் உதிர்க்கிறது, உள்எலும்பு அப்படியே நிற்கிறது. உறைக்கொம்பில் உறை உதிர்கிறது என்று குழப்பமில்லாமல் எழுதிவிடலாம்.

கொம்புக்கான பழஞ்சொல் 'மருப்பு' எனக்கும் பிடித்ததுதான். ஆனால் சங்கப் பாடல்களில் யானைத் தந்தமும் மருப்புதான். 'திரிமருப்பு இரலை' என்பதும் முறுக்கிய கொம்புடைய வெளிமானையே குறிக்கிறது. அதாவது உறைக்கொம்பு. உதிர்கொம்புக்கு மட்டும் என்று அதை ஒதுக்கினால் பழைய பாடலைப் படிப்பவர் தடுமாறுவார்.

இனி தலை. அன்று கொட்டகையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறு கத்தியால் தோலை உரித்து, கண், நாக்கு, கீழ்த்தாடை எடுத்தார். பிடரி எலும்புத் துளை வழியே வளைத்த கம்பியை விட்டு, தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி மூளையை வெளியே கொண்டுவந்தார். இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு இரத்தம் இறக்கினார். மறுநாள் பெரிய பாத்திரத்தில் ஒரு கை சலவை சோடா போட்டு அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் கொம்பின் அடிவளையத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். மேலே பட்டால் கொம்பின் பழுப்பு நிறம் வெளுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் 'சிம்மர்' என்பதற்கு 'மென்கொதி' என்று ஒருவர் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அடுப்பைப் பார்த்தபோது அது கொதியே இல்லை. ரசம் நுரைகூடி வரும்போது இறக்கிவிடு, கொதிக்கவிடாதே என்று அம்மா சொல்வாரே, அந்தப் பதம். அந்தப் பதத்திலேயே இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்தி, இடையிடையே தண்ணீர் மாற்றி, வெந்த சதையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் ஏறிப் பின்னாளில் மஞ்சள் பூக்கும். மூக்கெலும்பும் பிரிந்து வந்துவிடும். ஆகவே 'நுரைப்பதம்' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. சமைக்கிற எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் பல நாள், நீர் கலங்கக் கலங்க மாற்றிக்கொண்டே. இதற்கு 'கொழுப்பிறக்கல்' போதும். கடைசியில் வெளுப்பு. முடிக்கு நிறம் போடுகிறவர்கள் வாங்கும் 12 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு களிம்பைக் கையுறையோடு தூரிகையால் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒருநாள் வைத்தார். கொம்பில் ஒரு சொட்டும் படவிடவில்லை. துணிக்குப் போடும் குளோரின் பிளீச்சிங் வேண்டவே வேண்டாம், எலும்பு அரித்துப் பொடியாகிவிடும் என்றார். விழுந்த இரண்டு பற்களைப் பசைபோட்டு இடத்தில் வைத்தார். கழுவி உலர்த்தி ஓக் பலகையில் வைத்தபோது எனக்குத் தோன்றிய சொல் 'வெண்டலை'.

தேவாரத்தில் சிவன் ஏந்தும் ஓட்டுக்கு இந்தச் சொல் வருகிறது. அது பிரமன் தலை, மானுக்குப் பொருந்துமா என்ற கேள்வி வரும். சொல்லின் உறுப்புகள் சொல்வது வெண்மையான தலை என்பதை மட்டுமே. 'மான் வெண்டலை', 'ஆட்டு வெண்டலை' என்று அடைமொழி சேர்த்தால் போதும். பிரித்து 'வெண்தலை' என்று எழுதுவதை நான் விரும்பவில்லை. வெண்தலைக் கழுகு போன்ற பறவைப் பெயர்களில் அது வெள்ளை இறகைக் குறிக்கிறது. பழைய புணர்ச்சி வடிவமே இங்கே வேறுபாட்டைக் காத்துக் கொடுக்கிறது.

தோலோடு செய்வதற்கு நம்மிடம் சொல் ஏற்கெனவே உண்டு: பாடம் செய்தல். புகையிலையையும் தோலையும் பாடம் செய்கிறோம். மைசூரில் வான் இங்கன் நிறுவனத்தார் புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்தார்கள். ஆகவே அது 'பாடத்தலை', இது 'வெண்டலை'.

அடுப்பில் ஏற்றாமல் வாளித் தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டு, பாக்டீரியா சதையைத் தின்ன விடும் முறைக்கு 'நொதிச்சிதைவு' என்று பரிந்துரை வந்திருக்கிறது. நான் கன்னியாகுமரிப் பக்கத்தவன். காயலோரம் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடும் நாற்றத்தில் வளர்ந்தவன். நாருக்காக மட்டையில் நடப்பதும் எலும்புக்காகத் தலையில் நடப்பதும் ஏறத்தாழ ஒரே வேலைதான், நாற்றமும் அதற்குச் சளைத்ததல்ல. 'ஊறப்போடல்' என்றால் எங்கள் ஊரில் எந்தப் பாட்டிக்கும் புரியும். சதை தின்னும் டெர்மெஸ்டிட் வண்டுகளைச் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம்கூட எலும்பு சுத்தம் செய்ய வளர்க்கிறது. கருவாட்டை அரிப்பதும் இந்த இனம்தான். எனவே 'கருவாட்டு வண்டு'.

ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் உடனே திருத்த வேண்டுகிறேன். 'குரோனிக் வேஸ்டிங் டிசீஸ்' என்ற மான் நோயின் பெயரை 'நாள்பட்ட வீணடிக்கும் நோய்' என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே வேஸ்டிங் என்பது உடல் உருகி மெலிவது. எலும்புருக்கி என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது 'மான் உருக்கிநோய்' என்று சொல்லலாம். மிச்சிகனின் காட்டு மான்களில் இது 2015இல் கண்டறியப்பட்டது. இதற்குக் காரணமான ப்ரியான் என்ற புரதம் கொதிநீரில் அழிவதில்லை, மூளையிலும் தண்டுவடத்திலும் மிகுதியாக இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் கழுத்து நிணநீர் முடிச்சுகளின் சோதனை முடிவு வந்த பிறகுதான் கத்தியையே எடுத்தார். கையேட்டில் இந்தச் சொல் தவறாகப் போனால் படிப்பவர் எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விடுவார்.

'ட்ரோஃபி'யும் அப்படித்தான். 'வேட்டைக் கோப்பை' என்றால் தேநீர்தான் நினைவுக்கு வரும். 1972ஆம் ஆண்டு இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்குள் உதிர்கொம்பு, எலும்பு, தோல், பல், நகம் எல்லாம் அடங்கும். ஆகவே 'விலங்கு நினைவுப்பொருள்' என்று விரித்தே எழுதுவோம். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: காட்டில் தானாக விழுந்து கிடக்கும் மான்கொம்பை வீட்டுக்கு எடுத்து வருவதும் குற்றம். கைப்பழக்கம் வேண்டுமானால் கறிக்கடையில் ஆட்டுத்தலை கிடைக்கும். கொம்புறை கழன்று வருவதையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. மூக்குத் துளைக்குள் காகிதம் போல மெலிந்து சுருண்டிருக்கும் எலும்புகள். கொதி சற்று மிஞ்சினாலோ நீரைப் பலமாகப் பீய்ச்சினாலோ முதலில் உடைந்து போவது அவைதான். 'மூக்குச்சுருள்' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். கால்நடை மருத்துவம் படித்த நண்பர்கள் யாராவது இருந்தால் உங்கள் வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
மிச்சிகனிலிருந்து