சேலத்தில் இறங்கிவிட்ட மீன்கள்

குழு: தாத்தா வீட்டுப் பட்டாளம்

சனிக்கிழமை

சித்தப்பா (காலை 6.48): கார்த்தி, கோவை காந்திபுரம் பார்சல் ஆபீஸில் நிற்கிறேன். உன் கில்லி மீன் பெட்டி இந்த பஸ்ஸில் இல்லை என்கிறார்கள்.

கார்த்தி: இல்லையா? ராத்திரி மெட்ராஸில் நானே நின்று ஏற்றிவிட்டேனே சித்தப்பா. வெள்ளை தெர்மாகோல் பெட்டி, மூடி மேல் சிவப்பு ஸ்கெட்சில் அம்புக்குறி இருக்கும்.

சித்தப்பா (7.35): தெரிந்துவிட்டது. சேலத்தில் வேறு யாருடைய மூட்டையோடோ சேர்த்து இறக்கிவிட்டார்களாம். மதியம் கிளம்பும் வண்டியில் ஏற்றுகிறார்கள், சாயந்திரம்தான் கைக்கு வரும்.

அத்தை: அடப்பாவமே. அதுவரை உயிர் இருக்குமா?

கார்த்தி: இருக்கும் அத்தை. இரண்டு நாள் பட்டினி போட்டுத்தான் அனுப்பினேன்.

சித்தி: பாட்டி கேட்கச் சொல்கிறார், ஊருக்கு அனுப்பும்போது யாராவது பட்டினி போட்டு அனுப்புவார்களா, கட்டுச்சோறு கட்டித் தர வேண்டாமா என்று.

கார்த்தி: வயிறு நிறைய இருந்தால் பைக்குள்ளேயே கழியும் பாட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் அதையேதான் திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பதால் இந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பைக்கு ஒரே மீன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், கொளத்தூர் கடையில் கொடுத்து அடைத்து வாங்கினேன். பையின் இரண்டு மூலையையும் மடக்கி டேப் ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் இந்தச் சின்ன மீன் மூலையில் போய்ச் சொருகிக்கொண்டு திரும்ப முடியாமல் நசுங்கிவிடும், நான் ஒன்றை அப்படி இழந்திருக்கிறேன். பைக்குப் பை நடுவில் நேற்றைய தினசரி.

பெரியப்பா: அது என்ன கில்லி மீன்? கொல்கிற மீனா? குழந்தைகள் இருக்கிற வீடு.

கார்த்தி: ஐயோ பெரியப்பா, அந்த கில் வேறு. டச்சு மொழியில் கில் என்றால் சின்ன ஓடை, வாய்க்கால். நான் அனுப்பியது கார்ட்னெரி என்ற வகை, நைஜீரியா, கேமரூன் பக்கத்து ஓடைகளில் இருப்பது. நம் பக்கமும் இதன் உறவுக்காரர்கள் உண்டு, கேரளாவில் மானத்துக்கண்ணி என்பார்கள், எந்நேரமும் தண்ணீர் மட்டத்திலேயே வானத்தைப் பார்த்தபடி நிற்கும்.

பெரியப்பா: அதைப் பிடித்து வளர்த்தால் பஸ் செலவு மிச்சம்.

அப்பு: பெரியப்பா!!

கார்த்தி: அப்பு, பெட்டி வருவதற்குள் தண்ணீரைத் தயார் செய். வீட்டுக் குழாயில் டிடிஎஸ், அதுதான் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, எவ்வளவு?

அப்பு: சிறுவாணி 40. மோட்டார் போட்டால் வரும் போர்த் தண்ணீர் 1100 அண்ணா.

கார்த்தி: என் தொட்டியில் 220. எனக்கு ஆர்ஓ தண்ணீரைக் கலந்தால்தான் அந்த அளவுக்கே இறங்கும். நீ சிறுவாணி ஐந்து மக், போர்த் தண்ணீர் ஒரு மக் கலந்து பார்.

சித்தி: ஊரே சிறுவாணித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, இவன் அதில் உப்புத் தண்ணீரைக் கலக்கச் சொல்கிறான்.

கார்த்தி: நிரந்தரமாக இல்லை சித்தி. 220இல் இருந்த மீனை ஒரேயடியாக 40இல் விட்டால் அதன் உடம்பு உப்பையும் தண்ணீரையும் சமாளிக்க முடியாமல் திணறிப்போகும், செத்தால்கூட உடனே சாகாது, இரண்டு மூன்று நாள் கழித்துக் காரணமே தெரியாமல் சாகும். இந்தத் தண்ணீரில் விட்டு, தினம் ஒரு மக் எடுத்து ஒரு மக் சிறுவாணி ஊற்றினால் போதும். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

அப்பு: 215 காட்டுகிறது. ஆன்டி குளோரின் நாலு சொட்டு விட்டேன்.

கார்த்தி: சரி. ஜாவா மாஸ் பாசி ஒரு கொத்து போட்டு, மேலே மூடி வை. இது குதிக்கும். பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால்கூட அது வழியாக வெளியே வந்து தரையில் காய்ந்து கிடக்கும்.

சித்தி: மூடி ஏது? இட்லித் துணியைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறான். நாளைக்கு இட்லிக்கு நான் என்ன செய்வது?

சித்தப்பா (மாலை 7.50): பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆட்டிப் பார்க்கவில்லை, கவலைப்படாதே.

கார்த்தி: மொத்தம் 26 மணி நேரம். அப்பு, ஹால் லைட்டை அணைத்துவிட்டு அப்புறம் பெட்டியைத் திற. இருட்டிலிருந்து சட்டென்று வெளிச்சத்துக்கு வந்தால் மிரளும்.

அப்பு: மூன்றும் உயிரோடு இருக்கின்றன! ஆனால் ஆண் மீன் நிறமே இல்லை, பழைய ஈயப் பாத்திரம் மாதிரி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் நீலம், சிவப்புப் புள்ளி எல்லாம் இருந்ததே.

கார்த்தி: பயம். காலையில் பார். பையைத் திறக்காமல் தொட்டியில் மிதக்க விடு, 20 நிமிஷம்.

அத்தை: அதற்கப்புறம் பையைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை விட வேண்டும், போன தீபாவளிக்கு அப்படித்தானே செய்தீர்கள். மெதுவாகச் செய்தால்தான் நல்லது.

கார்த்தி: போன தீபாவளிக்கு அப்படிச் செய்துதான் அத்தை நான்கில் மூன்று போயிற்று. தப்பு என்னுடையது. பையைத் திறந்து வைத்து, ட்யூபில் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விடச் சொன்னேன். வழியெல்லாம் உயிரோடு வந்த மீன், வீட்டுக்கு வந்து அந்த இரண்டு மணி நேரத்தில் செத்தது. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. மூடிய பைக்குள் மீன் விடும் மூச்சில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் புளிப்பேறிவிடும், பிஎச் இறங்கும். மீனின் உடம்பிலிருந்து வரும் அம்மோனியா அந்தப் புளிப்பில் அம்மோனியமாக மாறி, அவ்வளவாகக் கெடுதல் செய்யாமல் கிடக்கும். பையைத் திறந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு போய்விடும், பிஎச் ஏறும், அடங்கிக் கிடந்தது மறுபடியும் விஷமாகும். அதில் போய் மீனை இரண்டு மணி நேரம் ஊற வைத்தோம். கடையிலிருந்து அரை மணியில் கொண்டுவரும் மீனுக்குச் சொட்டு முறை சரிதான். ஒரு நாள் அடைந்து கிடந்த பைக்கு அது ஆகாது. அதனால்தான் காலையிலிருந்து தண்ணீர் தண்ணீர் என்று அப்பு உயிரை வாங்கினேன், மெதுவாகச் செய்ய வேண்டியதை எல்லாம் பை வருவதற்கு முன்னாலேயே தொட்டியில் செய்தாயிற்று.

பெரியப்பா: இவ்வளவு பெரிய செய்தியை யாரும் படிக்க மாட்டார்கள்.

அத்தை: நான் படித்தேன்.

அப்பு: 20 நிமிஷம் ஆயிற்று. அண்ணா, ஒரு வீடியோவில் மூச்சு விடும் பை என்று ஒன்றை மிதக்கவே விடக்கூடாது என்றார்களே?

கார்த்தி: அது வேறு பை. அதன் வழியாகக் காற்று உள்ளே போய்வரும், தண்ணீரில் போட்டால் அந்தப் பக்கம் அடைந்துவிடும். இது சாதாரணப் பை. இப்போது வெட்டு, தயிர் டப்பாவில் மீனை மட்டும் அள்ளி விடு. வலை வேண்டாம், துடுப்பு கிழியும். பைத் தண்ணீர் ஒரு கரண்டி கூடத் தொட்டிக்குள் போகக்கூடாது.

அப்பு (8.31): மூன்றையும் விட்டாயிற்று. ஒரு பெண் மீன் டப்பாவிலிருந்து குதித்தது, பாட்டி மடியில் விழுந்தது.

கார்த்தி: என்னது!

சித்தி: பாட்டி ஈரக் கையோடுதான் இருந்தார், அப்படியே ஏந்தித் தண்ணீரில் விட்டுவிட்டார். இப்போது அதற்கு மடிமீன் என்று பேர் வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை

அப்பு (காலை 6.15): அண்ணா நீலம் வந்துவிட்டது! வால் ஓரம் மஞ்சள், உடம்பு பூரா குங்குமத்தைத் தெளித்த மாதிரி. பெண் மீன்களைத் துரத்துகிறது.

கார்த்தி: அதற்குத்தான் இரண்டு பெண். ஒன்றையே துரத்தினால் அது செத்துவிடும். பாட்டியின் பழைய கம்பளி நூல் இருந்தால் குஞ்சம் கட்டி, ஒரு தக்கையில் தொங்கவிடு, முட்டையை அதில் ஒட்டும். இன்று கொசுப்புழு ஏழெட்டு போதும்.

பெரியப்பா: கொசுப்புழு வேண்டுமென்றால் எங்கள் தெருவுக்கு வரலாம்.

கார்த்தி: அப்புறம் சித்தி, பெட்டி அடியில் ஜிப் கவரில் ஒரு பொட்டலம் இருந்திருக்குமே, அதைப் பத்திரமாக எடுத்து வைத்தீர்களா?

சித்தி: எது, தேங்காய் நார்த்தூளா? மண்ணைக்கூடவா மெட்ராஸிலிருந்து அனுப்புவார்கள், பொள்ளாச்சியில் கிடைக்காததா என்று நினைத்தேன். மணிபிளான்ட் தொட்டியில் போட்டுவிட்டேன்.

கார்த்தி: சித்தி அது முட்டை!! குயென்தெரி என்ற இன்னொரு கில்லி, சான்சிபார் தீவு மீன். அங்கே குட்டை வற்றிப் பெரியது எல்லாம் செத்துவிடும், முட்டை மட்டும் சேற்றில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். மூன்று மாதம் லேசான ஈரத்தில் வைத்து, உள்ளே கண் தெரிந்த பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். இன்னும் ஆறு வாரம் பாக்கி. தண்ணீர் ஊற்றிவிட்டீர்களா?

சித்தி: இல்லை, இப்போதுதான் சொம்போடு போனேன்.

கார்த்தி: சொம்பைக் கீழே வையுங்கள். மேலாக இருப்பதை அப்படியே கவரில் அள்ளிப் போடுங்கள்.

சித்தி: அள்ளிவிட்டேன். கூடவே கொஞ்சம் தொட்டி மண்ணும் ஒரு மண்புழுவும் வந்திருக்கின்றன, பரவாயில்லையா?

கார்த்தி: மண்புழுவை மட்டும் எடுத்துவிடுங்கள் சித்தி.