‘டிட்’ வந்த பிறகு ‘வென்ட்’ எதற்கு? ஆங்கில இறந்தகாலத்தில் மாட்டிக்கொண்ட அனுபவங்களைச் சொல்லுங்கள்

அல்சூர் வாசி

ஆறு வருடம் ஆகிவிட்டது, அந்த மீட்டிங் மட்டும் மறக்கவில்லை. பெங்களூர் வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. காலை 10 மணிக்கு ‘ஸ்டாண்ட்-அப்’ என்கிற குட்டி மீட்டிங், ஆளுக்கு ஒரு நிமிடம். என் முறை வந்தது. ‘எஸ்டர்டே ஐ கம்ப்ளீட் த பேமென்ட் டெஸ்டிங்’ என்றேன். முடித்தாயிற்றா, இனிமேல்தான் முடிக்கப் போகிறேனா என்று கிளையன்டுக்குப் புரியவில்லை. ‘டிட் யூ கம்ப்ளீட் இட்?’ என்று போனில் கேட்டார். ‘எஸ், ஐ டிட் கம்ப்ளீட்டட்’ என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மேஜை நடுவில் இருந்த போனின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எங்கள் டீம் லீட் குனிந்து, ‘ஷீ கம்ப்ளீட்டட் இட் எஸ்டர்டே’ என்றார். நாலு நாள் ராத்திரி கண் விழித்து நான் செய்த வேலை. அதைச் சொல்ல இன்னொருவர் வாய் தேவைப்பட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்ரீராமபுரம் டியூஷன்

தங்கச்சி, இந்த ‘டிட்’ விஷயத்தை எனக்குப் புரியவைத்ததே எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திதான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். ‘ஐ டிட் நாட் கோ’ என்பதற்கு ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று எழுதுவாள், நான் அதைக் கோடு போட்டு அடிப்பேன், மறுநாளும் அதையே எழுதுவாள். ஒரு மாதம் இப்படியே போனது. ஒருநாள் ரப்பரால் ‘வென்ட்’டை அழித்துக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்திவிட்டு, “அக்கா, தமிழ்லயும் யாரும் ‘போனவில்லை’ன்னு சொல்றதில்லையே” என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ‘போனேன்’, ஆனால் ‘போகவில்லை’. இல்லை என்று வந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ‘போக’ ஆகிவிடுகிறது. கன்னடத்திலும் அப்படித்தான்: ‘ஹோதெ’, ஆனால் ‘ஹோகலில்ல’. இத்தனை வருடம் பாடம் நடத்தும் எனக்கு இது தோன்றவில்லை. இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

பேனா

டியூஷன் அக்கா சொல்வது எதிர்மறைக்குச் சரி. கேள்விக்கு அது உதவாது. ‘போனாயா?’ என்றுதான் கேட்கிறோம், அங்கே இறந்தகாலம் வினையிலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் ஆட்கள் ‘டிட் யூ வென்ட்’ என்று கேட்பது அதனால்தான். பாதிக் கதவைத்தான் அந்தப் பெண் திறந்திருக்கிறாள், மீதியைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என் கதை வேறு. கோரமங்களாவில் ஒரு இன்டர்வியூ. ‘லாஸ்ட் இயர் ஐ ஹேட் வொர்க்ட் இன் ஓசூர்’ என்றேன். கேட்டவர் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ‘ஹேட்’ போட்டால் அதற்குப் பிறகு நடந்த இன்னொன்று வரும் என்று எதிர்பார்ப்பார்களாம். அப்போது எனக்குத் தெரியாது. தமிழில் ‘போன வருஷம் ஓசூர்ல வேலை பாத்திருந்தேன்’ என்று சொல்லிவிட்டு நிறுத்தலாம், ஒரு குறையும் இல்லை. அந்த ‘இருந்தேன்’தான் ‘ஹேட்’டாக மாறி வாயில் வருகிறது. ‘ஐ வொர்க்ட்’ போதும். அந்தப் பேனா கீழே இறங்காமல் நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கே.ஆர்.புரம்

புது ஆபீசில் முதல் வாரம். வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள். ‘மை ஃபாதர் இஸ் எ டெய்லர்’ என்றேன். எந்த ஏரியாவில் கடை, பிளவுஸ் தைப்பாரா என்று பக்கத்து சீட் அம்மா ஆசையாகக் கேட்டார். அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ‘எங்கப்பா டெய்லர்’ என்று தமிழில் வினைச்சொல்லே இல்லாமல் சொல்லிவிடலாம், இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் டெய்லர்தான். ‘வாஸ்’ என்று திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடை சிவாஜிநகரில் என்று மட்டும் சொன்னேன்.

மல்லேஸ்வரம் குரல்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ‘வாக்கெட்’ என்று சொன்னதைக் கேட்டு என் மகள் முகம் சுளித்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உட்கார்ந்து கற்றதைச் சொல்கிறேன், எல்லோருக்கும் பயன்படும்.

இறந்தகாலத்துக்கு வினையின் கடைசியில் ‘எட்’ (ed) என்று எழுதுவது மூன்று விதமாக ஒலிக்கும். தொண்டையில் கை வையுங்கள். ‘ஸ்ஸ்’ என்றால் அதிராது, ‘ம்ம்’ என்றால் அதிரும். வினை அதிராத ஒலியில் முடிந்தால் கடைசியில் வல்லின ‘ட்’: வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட். அதிரும் ஒலியில் முடிந்தால் மெலிந்த ‘ட்’, ‘டம்ளர்’ என்பதில் வருவது போல அல்ல, ‘வண்டி’யில் வருவது போல: ப்ளேட், கால்ட், க்ளீன்ட். ஏற்கெனவே ‘ட்’ ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசை: வான்டட், நீடட், கம்ப்ளீட்டட். முதல் இரண்டையும் தமிழில் ஒரே எழுத்தால் எழுதுகிறோம், அதனால் புத்தகத்தைப் பார்த்து இது வராது, காதால்தான் வரும்.

அடுத்து, இப்படி ‘எட்’ சேராத, ஒழுங்கில்லாத வினைகள் சுமார் 200 இருக்கின்றன. அகரவரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள், கூட்டம் கூட்டமாகப் பிடியுங்கள். மாறாதவை ஒரு கூட்டம்: கட், புட், ஹிட், ஷட். பாட்டு மாதிரி வருபவை ஒன்று: சிங் – சாங், ரிங் – ராங், ட்ரிங்க் – ட்ராங்க். ‘ஆட்’ சேர்பவை ஒன்று: பை – பாட், ப்ரிங் – ப்ராட், திங்க் – தாட், டீச் – டாட். ‘ரீட்’ எழுத்தில் மாறாது, ஒலியில் ‘ரெட்’ ஆகும். தினம் ஐந்து எழுதி, பக்கத்தில் நேற்று உங்களுக்கு நடந்த ஒன்றை எழுதுங்கள்.

ஜெயநகர் தாத்தா

மல்லேஸ்வரம் சார், ஒலி பற்றி நீங்கள் சொன்னது அருமை. அந்தப் பட்டியல்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ‘செல்’லுக்குச் சென்றான், ‘சொல்’லுக்குச் சொன்னான், ‘கல்’லுக்குக் கற்றான். நன்னூல் இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று இடைநிலை சொல்கிறது. அதைப் படித்துவிட்டா நாம் பேச வந்தோம்? என் பேரனுக்கு மூன்று வயது. ‘கோ’வோடு ‘எட்’ ஒட்டி ‘ஐ கோட்’ என்கிறான். ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைகளும் இதே தப்பைச் செய்துதான் வளர்கின்றன. ‘வென்ட்’கூட முதலில் வேறொரு வினையின் இறந்தகாலம்தான், பிற்பாடு ‘கோ’வுக்கு வந்து சேர்ந்தது. நான் பேரனைத் திருத்துவதில்லை. ‘ஓ, யூ வென்ட் டு த பார்க்?’ என்று திருப்பிக் கேட்கிறேன். இந்த வாரம் இரண்டு தடவை ‘வென்ட்’ வந்தது.

அல்சூர் வாசி

எல்லோருக்கும் நன்றி. கே.ஆர்.புரம், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். மல்லேஸ்வரம் சார், ஒரே ஒரு சந்தேகம். ‘ஆஸ்க்ட்’ எனக்கு நாக்கு புரள மாட்டேன் என்கிறது. நாளை காலை மீட்டிங்கில் அதைச் சொல்லியாக வேண்டும்.

மல்லேஸ்வரம் குரல்

‘க்’கை விட்டுவிடுங்கள் அம்மா, ‘ஆஸ்ட்’ போதும். வேகமாகப் பேசும்போது அவர்களிலேயே நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.