சுரைக்குடுக்கையில் தண்ணீர் வைத்துக் குடிக்கலாமா?

யமுனைக்கரை (மயூர் விஹார்):
தில்லி ஹாட் கைவினைச் சந்தையில், சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதிக்காரர் கடையில் இரண்டு சுரைக்குடுக்கைகள் வாங்கினேன். தும்பா என்கிறார்கள். ஒன்று வெறும் குடுக்கை. இன்னொன்று பளபளப்பானது, மேலே மானும் மீனும் சூட்டுக்கோலால் தீட்டியிருக்கிறது. கூடவே ஒரு மூங்கில் சல்லடை. வெறும் குடுக்கையில் ஊற்றிவைத்த தண்ணீர் ஒரே கசப்பு. சல்லடையிலோ மழைக்கால ஈரத்துக்குக் கருப்புப் புள்ளிகள். "அலமாரியில் வைத்து அழகு பார், அதற்குத்தான் லாயக்கு" என்கிறார் மாமியார். இவற்றை நிஜமாகவே புழங்க முடியுமா?

தண்டகாரண்யன் (முனிர்க்கா):
அம்மா, பஸ்தரின் ஜகதல்பூரில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பளபளப்பான குடுக்கை விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. மெருகு பூசியதில் எதையும் ஊற்றிக் குடிக்காதீர்கள். துளை போட்டு விளக்குக் கூடாக விற்பதும் அந்த ரகம்தான்.

வெறும் குடுக்கையின் கசப்பு, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் சதையிலிருந்து வருவது. முற்றிய காயைக் காம்புப் பக்கம் துளைத்து, தண்ணீர் நிரப்பி, சதை அழுகிய பிறகு விதையோடு குலுக்கிக் கொட்ட வேண்டும். விற்பனைக்கு அவசரமாகச் செய்தால் இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடும். கைப்பிடிச் சரளைக்கல்லைக் கழுவிப் போட்டு, வெந்நீர் விட்டுக் குலுக்குங்கள். (தில்லியில் எந்தத் தெருவில் கட்டட வேலை நடக்கவில்லை, சரளைக்குப் பஞ்சமா?) பழுப்பு நாரும் சவ்வும் வந்துகொண்டே இருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். கசப்பு அறவே போகும்வரை ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். சுரைக்காய்க் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் விளையாட்டுப் பொருள் அல்ல. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி ரத்த வாந்திவரை கொண்டுபோய் விடும்.

இன்னொன்று. அங்கே தும்பாவில் குடிக்கிற எதையும் நாள்கணக்கில் சேர்த்துவைப்பதில்லை. காலையில் மண்டியா பேஜ், அதாவது நம் கேழ்வரகுக் கூழ்தான், அதை நீர்க்கக் கரைத்து ஊற்றி, வாயில் இலையைச் சுருட்டி அடைத்து, தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்கோ காட்டுக்கோ கிளம்புவார்கள். பொழுது சாய்வதற்குள் காலியாகிவிடும். சந்தையில் சல்ஃபி விற்பவர்களும் அப்படித்தான். அது கூந்தல்பனைக் கள். தும்பாவிலிருந்து நேரே இலைத் தொன்னையில் சாய்ப்பார்கள். சால் மர இலையை மூங்கில் ஈர்க்கால் குத்தித் தைத்த தொன்னை. ஒரு சொட்டு ஒழுகாது! குடித்ததும் வீசிவிட்டுப் போகலாம், கழுவும் வேலையே இல்லை.

கரோல்பாக் மாமி:
சல்லடைக்கு நான் சொல்கிறேன். விறகடுப்புள்ள வீடுகளில் மூங்கில் சாமான்களை அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள்; புகை பட்டால் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. நம் எரிவாயு அடுப்பில் புகைக்கு எங்கே போவது? தேய்த்துக் கழுவி, வெயிலில் சுள்ளென்று காயவைத்து, காற்றாட ஆணியில் மாட்டுங்கள். பாலிதீன் பையில் மட்டும் திணிக்காதீர்கள். என் கொட்டாங்குச்சி அகப்பைக்கும் இதே வைத்தியம்தான். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவேன்.

யமுனைக்கரை:
இருவருக்கும் நன்றி. சரளை போட்டுக் குலுக்கினேன், அழுக்கு நார் நார் ஆக வருகிறது. மாமியார் இப்போது அதில் மோர் ஊற்றலாமா என்று கேட்கிறார்.

தண்டகாரண்யன்:
கசப்பு போகட்டும், பிறகு தாராளமாக ஊற்றலாம். மதியத்துக்குள் குடித்து முடித்து, உடனே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.